தொய்யாத திரைச்சீலைக் கம்பி

சன்னலின் இரு ஓரங்களிலும் கொக்கி அடித்து மாட்டும் ஸ்பிரிங் கம்பி, கனமான திரைச்சீலையின் எடையால் நாளடைவில் நடுவே தொய்ந்துவிடும் என்பதால், அதற்குப் பதிலாக இரட்டை பிராக்கெட்டில் இரண்டு ஸ்டீல் குழாய்களைப் பொருத்துவது நல்லது. சுவரை ஒட்டிய குழாயில் மெல்லிய திரையையும் முன்குழாயில் தடித்த திரையையும் தொங்கவிட்டால், பகலில் மெல்லிய திரையை மட்டும் மூடி, வெளிச்சம் அதிகம் குறையாமலே வெளிப்பார்வையை மறைக்கலாம்.

குழாய், சன்னலின் அகலத்தைவிட இருபுறமும் சுமார் 15 செ.மீ. நீண்டிருந்தால், திரையை ஒதுக்கும்போது கண்ணாடி முழுவதும் திறந்திருக்கும். அகலமான சன்னலுக்கு நடுவிலும் ஒரு பிராக்கெட் தேவை. அது வளையங்களைத் தடுக்கும் என்பதால், அங்கே இருபுறமும் பிரியும் ஜோடித் திரையே பொருந்தும். சன்னலுக்கு மேலே இருப்பது பெரும்பாலும் கான்கிரீட் லிண்டல் (மேலுள்ள சுவரைத் தாங்கும் உத்தரம்) ஆதலால், சாதாரண டிரில் அங்கே திணறும். சுழல்வதோடு இடித்தும் துளைக்கும் ஹேமர் டிரில்லால் துளையிட்டு, ஸ்க்ரூவை இறுகப் பிடிக்கும் பிளக்கைச் செருகிய பின்னரே ஸ்க்ரூவை முடுக்க வேண்டும்.