பெங்களூரு பங்க் ஷோக்களில் நம்ம ஆட்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போஸ்டரில் 8 மணி என்று போட்டிருந்தால் பத்து மணிக்குப் போனால் போதும் என்று இந்த ஊர்த் தமிழர்களான நம்ம ஆட்களில் நிறையப் பேர் நினைக்கிறார்கள். பெரிய ஸ்டேடியம் நிகழ்ச்சிக்கு அது சரிப்பட்டு வரலாம். கோரமங்களாவிலோ இந்திரா நகரிலோ ஒரு பப்புக்குள் மூன்று பேண்ட் வாசிக்கிற பங்க் ஷோவுக்கு அது சுத்தமாக ஒத்துவராது. பங்க் என்பது வேகமும் சத்தமுமான ஒரு ராக் இசை, ஒரு பாட்டு இரண்டு நிமிடம், மிஞ்சிப்போனால் மூன்று. அமெரிக்க பங்க் பேண்டான ராமோன்ஸ் 1976-ல் கொண்டுவந்த முதல் ஆல்பத்தில் 14 பாட்டு, மொத்தமாகப் போட்டுக் கேட்டாலும் அரை மணி நேரம் ஆகாது. அந்த வழியில் வந்த பேண்டுகள் மேடையில் வாசிக்கிற நேரமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். சில்க் போர்டு ட்ராஃபிக்கில் முக்கால் மணி நேரம் மாட்டிக்கொண்டால் ஒரு பேண்டை முழுசாகவே விட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம். "ஒரு தம் போட்டுட்டு வந்துடறேன் மச்சி" என்று வெளியே போய்விட்டுத் திரும்புவதற்குள் நாலு பாட்டு ஓடிப்போயிருக்கும்.

இதைவிடப் பெரிய தவறு, தெரிந்த பேண்டை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்புவது. ஆபீஸ் நண்பன் முதல் பேண்டில் பேஸ் கிடார் வாசிக்கிறான், பத்து பேர் சேர்ந்து வருகிறார்கள், கத்துகிறார்கள், செல்ஃபி எடுக்கிறார்கள், இரண்டாவது பேண்ட் ஒயரைச் சொருகிக்கொண்டிருக்கும்போதே பில்லைக் கேட்கிறார்கள். அடுத்து வாசிக்க வருகிறவர்களுக்கு எதிரே காலித் தரைதான் மிச்சம். என்னைக் கேட்டால், இதில் மற்ற எதை மறந்தாலும் பரவாயில்லை, இதை மட்டும் மறக்காதீர்கள். சின்ன இடத்தில் அறுபது பேர் நிற்கும்போது வருகிற சத்தமும் பதினைந்து பேர் நிற்கும்போது வருகிற சத்தமும் ஒன்றாக இருக்காது, டிரம்மர் அடிக்கிற அடியே மாறிவிடும். கூட்டம் எத்தனை மணிக்குக் கரைந்தது என்பதைப் பப் நடத்துகிறவரும் பார்த்துக்கொண்டுதான் இருப்பார், அடுத்த மாதம் அந்தத் தேதியை டிஜேவுக்குக் கொடுக்கலாமா என்று அவர் யோசிக்க ஆரம்பிப்பது அங்கேதான். இந்திரா நகரில் பேண்டுகள் வாசித்துவந்த ஹம்மிங் ட்ரீ என்ற இடம் 2019-ல் மூடப்பட்டது. சொந்தப் பாட்டு வாசிக்கிற பேண்டுகளுக்கு மேடை கொடுக்கிற இடங்கள் இந்த ஊரில் ஒன்றும் கொட்டிக் கிடக்கவில்லை. அதனால் முதல் பேண்டிலிருந்து கடைசி பேண்ட் வரை நில்லுங்கள். பிடிக்காவிட்டாலும் பின்னால் போய் நில்லுங்கள், கிளம்பிவிடாதீர்கள்.

அப்புறம், நடுவில் "ப்ரோ, ஒரு தமிழ்ப் பாட்டு போடுங்க" என்று கத்தாதீர்கள். வேலைக்குப் போய்க்கொண்டே, பயிற்சி செய்கிற ஜாம் ரூமுக்கு மணிக்கணக்கில் வாடகை கொடுத்து, சொந்தமாக எழுதிய பாட்டோடு வந்திருக்கிறார்கள். அவர்கள் கன்னடத்தில் பாடினாலும் ஆங்கிலத்தில் பாடினாலும் நீங்கள் வந்தது அதைக் கேட்கத்தான்.

இந்த மாதிரி இடங்களில் மேடை என்று தனியாக ஒன்று இருக்காது, இருந்தாலும் ஒரு படி உயரம்தான். கிடாரிஸ்டின் காலடியில் கிடக்கிற, கிடார் சத்தத்தை மாற்றுகிற எஃபெக்ட் பெடல்கள் உங்கள் ஷூவுக்கு ஒரு அடி தள்ளித்தான் இருக்கும். ஒரு ஒயரை மிதித்து இழுத்துவிட்டால் பாட்டு பாதியில் ஊமையாகிவிடும், அவர் குனிந்து எந்த ஒயர் என்று தேடிக்கொண்டிருக்க வேண்டும். கைக்கு எட்டுகிற உயரத்தில் இருக்கிறதே என்று பீர் கிளாஸை ஆம்ப்ளிஃபயர் மேல் வைக்கவே வைக்காதீர்கள். சத்தத்தில் ஆம்ப் அதிரும், கிளாஸ் மெதுவாக ஓரத்துக்கு நகரும், கவிழ்ந்தால் உள்ளே இருப்பது மின்சாரம். அந்த ஆம்ப் பல நேரம் வாடகைக்கு எடுத்ததாக இருக்கும்.

மேடைக்கு முன்னால் கூட்டம் ஒருவரை ஒருவர் தள்ளிக்கொண்டு ஆடுகிற மாஷ் பிட்டுக்கு வருவோம். வீடியோவில் மட்டும் பார்த்துவிட்டு வருகிறவர்கள் அதை அடிதடி என்று நினைத்துக்கொள்கிறார்கள், அங்கேதான் காயம் படுகிறது. தோளாலும் உள்ளங்கையாலும் தள்ளலாம், முழங்கையை மடக்கி வீசக் கூடாது. லேப்டாப் பையை முதுகில் மாட்டிக்கொண்டு உள்ளே போகாதீர்கள். ஆபீஸிலிருந்து நேராக வருகிற கூட்டத்தில் இது அடிக்கடி நடக்கிறது, அந்தப் பையின் மூலை பின்னால் நிற்பவரின் வாயில்தான் இடிக்கும். யாராவது விழுந்தால் பக்கத்தில் இருக்கிறவர்கள் உடனே கையைக் கொடுத்துத் தூக்க வேண்டும், இதில் விதிவிலக்கே கிடையாது. நல்ல கூட்டத்தில், ஒருவருடைய கண்ணாடி கீழே விழுந்தால் அவர் கையை உயர்த்திய உடனே சுற்றி நாலு பேர் கையை விரித்து வட்டம் கட்டிவிடுவார்கள், யாரோ செல்போன் டார்ச்சை அடிப்பார், கண்ணாடி கிடைத்ததும் அதைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டுவார்கள், ஆட்டம் மறுபடி ஆரம்பிக்கும். பங்க் என்றால் எனக்கு அதுதான் பங்க். ஓரத்தில் அமைதியாக நிற்பவரை இழுத்து உள்ளே தள்ளுவதும், நெரிசலைச் சாக்காக வைத்துப் பெண்கள் மேல் கை வைப்பதும் எந்த மேடைக்கு முன்னாலும் மன்னிக்க முடியாதவை. பார்த்தால் அங்கேயே குரல் கொடுங்கள், வாசலில் நிற்கும் ஆட்களிடமும் பேண்டிடமும் சொல்லுங்கள். வாஷிங்டனின் ஃபுகாஸி என்ற பங்க் பேண்ட் வாசித்துக்கொண்டிருந்த காலத்தில் அதன் பாடகர் இயன் மெக்காய், கூட்டத்தில் அடுத்தவரை அடிக்கிறவனைப் பார்த்தால் பாட்டையே நிறுத்திவிட்டு, டிக்கெட் காசைத் திருப்பிக் கொடுத்து வெளியே அனுப்பியதுண்டு.

காதைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. 85 டெசிபல் சத்தத்தில் 8 மணி நேரம் இருக்கலாம், ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் அந்த நேரம் பாதியாகக் குறையும் என்பது அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு நிறுவனமான நையாஷ் வைத்திருக்கும் அளவு. அந்தக் கணக்கில் 100 டெசிபலுக்கு 15 நிமிடம்தான். தாழ்ந்த கூரை உள்ள பப்பில் டிரம்ஸும் இரண்டு கிடாரும் சேர்ந்தால் 100-ஐத் தொடுவது பெரிய விஷயமே இல்லை. உள்காதில் சத்தத்தை உணரும் நுண்மயிர் செல்கள் ஒருமுறை செத்தால் மறுபடி முளைக்காது. மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கிற ஃபோம் இயர்ப்ளக் போதும், ஆனால் அதைச் சும்மா காது ஓரத்தில் செருகி வைத்தால் பலன் இல்லை. விரலால் உருட்டி ஒல்லியாக்கி, இன்னொரு கையால் காதை மேல்பக்கமாக இழுத்துப் பிடித்து உள்ளே விட்டு, அது விரிகிற வரை விரலால் அமுக்கிப் பிடிக்க வேண்டும். பஞ்சும் டிஷ்யூ பேப்பரும் உதவாது. பாட்டின் வரிகள் தெளிவாகக் கேட்கவேண்டும் என்றால் ஒலியைச் சரிசெய்கிற சவுண்ட் மிக்ஸர் பக்கத்தில் நில்லுங்கள். சவுண்ட் இன்ஜினியர் தன் காதுக்கு எப்படிக் கேட்கிறதோ அதை வைத்துத்தான் சரிசெய்கிறார். ஆம்புக்கு நேர் முன்னால் நின்றால் கிடார் மட்டும்தான் கேட்கும்.

ஷோ முடிந்ததும் வாசலில் நின்று கத்துவது இன்னொரு கெட்ட பழக்கம். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது, மூடிய அரங்குக்குள் மட்டும்தான். பெங்களூரில் நேரடி இசைக்குப் போலீஸ் உரிமம் வேண்டும் என்ற 2005 ஆணையை 2018-ல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. அந்த ஆண்டு பல பப்புகளில் பேண்ட் வாசிப்பதே நின்றுபோனது. பக்கத்து வீட்டுக்காரர் தூக்கம் கெட்டுப் போலீசுக்குப் போன் போடுகிறார் என்றால், பல நேரம் அதற்குக் காரணம் உள்ளே வாசித்த பாட்டைவிட வெளியே நாம் போடுகிற கூச்சல்தான்.

காசு விஷயம் சுருக்கமாக. உள்ளே விடக் கவர் சார்ஜ் என்று வாங்கி அதை உணவு, குடிக்குக் கழித்துக்கொள்ளச் சொல்கிற இடங்களில் அந்தப் பணம் பேண்டுக்குத்தான் போகிறது என்று நீங்களாக நினைத்துக்கொள்ளாதீர்கள். பேண்டில் ஆள் தெரியும் என்பதற்காக ஓசியில் உள்ளே விடச் சொல்லிக் கேட்காதீர்கள். மேசையில் டி-ஷர்ட் வைத்திருந்தால் ஒன்று வாங்குங்கள். வீட்டுக்குப் போய் வாங்குவதென்றால் பேண்டுகள் தங்கள் பாட்டை நேரடியாக விற்கிற பேண்ட்கேம்ப் இணையதளம் நல்ல வழி, டிஜிட்டல் விற்பனையில் அது எடுத்துக்கொள்வது 15 சதவீதம்.

வயது கேட்பார்கள், 21 ஆகியிருக்க வேண்டும், அடையாள அட்டை எடுத்துக்கொள்ளுங்கள். திரும்புவதை மட்டும் போகும்போதே யோசித்துவிடுங்கள், இல்லையென்றால் கடைசி பேண்டின் பாதியில் ஓட வேண்டியிருக்கும். இந்திரா நகர் என்றால் மெட்ரோவின் பர்ப்பிள் லைன் பக்கத்திலேயே இருக்கிறது, கடைசி ரயில் நேரத்தைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். கோரமங்களாவுக்குள் மெட்ரோ கிடையாது. ஆட்டோவில் இரவு 10 முதல் காலை 5 வரை மீட்டருக்கு மேல் பாதி கூடுதல் என்பது விதி. அதே திசையில் போகிற இரண்டு பேரை இடைவேளையிலேயே பேசி வைத்துக்கொண்டால் செலவும் குறையும். அல்சூர், ஆஸ்டின் டவுன், எஜிபுரா பக்கம் போகிற தமிழ் ஆட்கள் எப்படியும் அந்தக் கூட்டத்தில் இருப்பார்கள்.