மதச்சார்பின்மை பேசும்போது நீலகிரியில் சறுக்கும் இடங்கள்

மதச்சார்பற்ற அரசு வேண்டும் என்று சொன்னதும், "அப்போ சாமி கும்பிடக் கூடாதா?" என்று கேட்பவர்கள் இங்கே நிறைய. தாராளமாகக் கும்பிடலாம். வெள்ளை உடுத்திப் பேரகணி ஹெத்தையம்மன் பண்டிகைக்குப் போகிறவருக்கும், பொக்காபுரம் மாரியம்மனுக்கு நேர்ந்துகொள்கிறவருக்கும், பள்ளிவாசலுக்கும் சர்ச்சுக்கும் போகிறவருக்கும் அரசியலமைப்பின் 25ஆவது பிரிவு துணை நிற்கிறது. தாசில்தார் மேசைக்குத்தான் மதம் இருக்கக் கூடாது.

பகுத்தறிவு பேசுகிறவர்கள் செய்யும் தவறு வேறு மாதிரி. நம்புகிறவரைக் கேலி செய்துவிடுகிறார்கள். கூடலூர், பந்தலூர்ப் பக்கத்துப் பழங்குடிக் குடியிருப்புகளில், ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்துபோகும் சிக்கிள் செல் ரத்தசோகை என்ற நோய் இருக்கிறது. வலி வந்தால் கை கால் எலும்பெல்லாம் முறுக்கும். ஒரே வீட்டில் ஒரு பிள்ளைக்கு வந்து இன்னொன்றுக்கு வராவிட்டால், தெய்வக் குற்றம் என்று நினைப்பதில் என்ன ஆச்சரியம்? உண்மையான காரணம் மரபணு. தாய், தகப்பன் இருவரும் ஆளுக்கொரு கோளாறான மரபணுவைச் சுமந்தால், அவர்கள் பார்வைக்கு நலமாகவே இருப்பார்கள். ஆனால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. ரத்தப் பரிசோதனையை வைத்து இதைப் பொறுமையாக விளக்கலாம். அதை விட்டுப் பூசாரியைத் திட்டினால், அடுத்த முறை வலி வந்ததை நம்மிடம் சொல்லவே மாட்டார்கள். பூசையும் நடக்கட்டும், டாக்டர் கொடுத்த மாத்திரையும் உள்ளே போகட்டும். அதற்காக, சாபமும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று தலையாட்டுவது மரியாதை ஆகாது, ஏமாற்று. அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது குடிமக்களின் கடமை என்று 1976 முதல் அரசியலமைப்பிலேயே இருக்கிறது.

சரி, அரசு மதத்தைத் தொடவே கூடாதா? அதுவும் தப்புக் கணக்கு. பொது ஒழுங்கு, அறநெறி, சுகாதாரம் ஆகியவற்றுக்கு உட்பட்டதுதான் மதச் சுதந்திரம். சாதி சொல்லி ஒருவரைக் கோயில் வாசலில் நிறுத்தினால் அரசு தலையிட்டே ஆக வேண்டும்.

அலுவலகச் சுவரில் ஒரு சாமி படம் இருந்தால் என்ன குறைந்துவிடும் என்பார்கள். மாட்டியவருக்கு ஒன்றும் குறையாது. மனுவோடு வெளியே நிற்கும் வேறு மதத்துக்காரருக்குத்தான் உள்ளே நியாயம் கிடைக்குமா என்ற சந்தேகம் வரும். 1968இலேயே அண்ணா ஆட்சியில் அரசு அலுவலகங்களில் சாமி படங்களை எடுக்கச் சொல்லி உத்தரவு போனது. எத்தனை சுவர்கள் கேட்டன என்பது வேறு கதை!

"பெரும்பான்மை நாங்கள்" என்ற பேச்சு இந்த மலையில் ரொம்ப தூரம் போகாது. ஹட்டி எனப்படும் படுகர் ஊரில் பெரும்பான்மையாக இருப்பவர் பந்தலூர் போனால் சிறுபான்மை. அங்கே இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியோர், மலையாளிகள், பணியர், குறும்பர் ஆகிய பழங்குடிகள் என்று கலவை. யாருக்கும் சாயாத அலுவலகம் எல்லோருக்கும் ஒருநாள் தேவைப்படும்.

சாதிச் சான்றிதழில்தான் அதிகக் குழப்பம். பட்டியல் சாதித் தகுதிக்கு மத நிபந்தனை உண்டு: 1950 குடியரசுத் தலைவர் ஆணையின்படி இந்துக்கள், 1956 முதல் சீக்கியர், 1990 முதல் பௌத்தர். மதச்சார்பற்ற அரசே இங்கே மதம் பார்ப்பது எனக்கு உறுத்தல்தான். பழங்குடிகளுக்கோ அந்த நிபந்தனை கிடையாது. ஒரு பணியர் குடும்பம் சர்ச்சுக்குப் போகிறது என்பதை மட்டும் காட்டி அவர்களின் பழங்குடிச் சான்றிதழ் விண்ணப்பத்தைத் திருப்ப முடியாது.