புங்காசாய் மேடைக்கு அனிமே பாட்டு எடுப்பது எப்படி: ஜப்பானில் படிக்கும் புது பேண்ட் பிள்ளைகளுக்கு

ஏப்ரலில் பள்ளியின் கேயோன்புவில், அதாவது பேண்ட் இசை கிளப்பில், சேர்ந்து, கிட்டாரும் டிரம்ஸும் இப்போதுதான் கையில் படிந்துவருகிற நேரத்தில் புங்காசாய், அதாவது பள்ளி விழா, வந்து நிற்கும். பெரும்பாலும் செப்டம்பரிலிருந்து நவம்பருக்குள். "என்ன பாட்டு வாசிக்கலாம்?" என்று கேட்ட உடனே ஐந்து பேரும் ஐந்து அனிமே பெயரைச் சொல்வார்கள், யாருக்கு ஆசை அதிகமோ அவருடைய பாட்டு ஜெயித்துவிடும். அப்படி எடுக்காதீர்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் அங்கே ஒரு பள்ளி பேண்டில் பேஸ் கிட்டார் வாசித்தேன். முதல் வருடம் எங்கள் கிட்டார்காரனின் ஆசைக்காக "காட் நோஸ்" எடுத்தோம். 2006இல் வந்த சுசுமியா ஹருஹி அனிமேயில் பள்ளி விழா மேடையிலேயே வருகிற பாட்டு அது, அதனால் எந்த கேயோன்புவிலும் யாராவது ஒருவர் அதைக் கேட்பார். அவன் கோடை விடுமுறை முழுக்க அந்த ஆரம்பத்தைத் தேய்த்து, மேடையில் பிசகாமல் வாசித்தான். ஆனால் பாடிய தோழிக்கு அந்தச் சுருதி ஒத்துவருமா என்று எங்களில் ஒருவர்கூடப் பார்க்கவில்லை. இரண்டாவது பல்லவியில் குரல் உடைந்தது, திரைக்குப் பின்னால் போய் அழுதாள். அது அவள் தப்பு இல்லை, பாட்டைத் தேர்ந்தெடுத்த எங்கள் தப்பு.

படி 1: நேரத்தை எண்ணுங்கள்

எங்களுக்குக் கொடுத்தது 15 நிமிடம், அதில் ஒயர் மாட்டுவதும் டிரம்ஸ் சரிசெய்வதும் அடக்கம். முழுப் பாட்டு ஒன்று நான்கு நிமிடம் என்றால் மூன்றுக்கு மேல் போகாது. டிவியில் வரும் வடிவம் ஒன்றரை நிமிடம்தான். நிறையப் பேருக்குத் தெரிந்தது அந்த ஒன்றரை நிமிடம் மட்டுமே, அதனால் ஒரு பாட்டையாவது டிவி அளவிலேயே வாசிப்பதில் எந்தக் குறையும் இல்லை. புதியவர்களுக்கு மனப்பாடம் செய்ய வேண்டியதும் பாதிக்குப் பாதி குறையும்.

படி 2: பாடுபவரின் குரலிலிருந்து தொடங்குங்கள்

இந்தப் படியில்தான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும். பாடுபவரை நிற்க வைத்து, டிரம்ஸ் முழுச் சத்தத்தில் அடிக்க, பல்லவியை மட்டும் இடைவெளி விடாமல் மூன்று முறை பாடச் சொல்லுங்கள், செல்போனில் பதிவுசெய்யுங்கள். கரோக்கே அறையில் எட்டிய உச்ச ஸ்தாயி இங்கே எட்டாது, ஏனென்றால் தன் குரல் தனக்கே கேட்காதபோது எல்லோரும் கத்த ஆரம்பித்துவிடுவார்கள். மூன்றாவது முறையும் சுகமாக வந்தால் அந்தப் பாட்டு உங்களுடையது.

வரவில்லையா, சுருதியை மாற்றுங்கள். நம் ஊர்க் கச்சேரியில் ஆண் ஒரு கட்டையில் பாடினால் பெண் ஐந்து கட்டையில் பாடுவது சகஜம், அனிமே பாட்டுக்கு மட்டும் என்ன தனிச் சட்டம்? லிசா பாடிய "குரெங்கே" (கிமெட்சு நோ யைபா, 2019) மாதிரி உயரத்தில் நிற்கும் பாட்டை ஒரு பையன் அப்படியே பாடப் பார்ப்பது தொண்டைக்குச் செய்யும் கொடுமை. ஆனால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: கிட்டாரின் கழுத்தில் மாட்டும் கேப்போ என்ற கவ்வியைப் போட்டால் சுருதி ஏறும், இறங்காது. அரைக் கட்டை இறக்க வேண்டுமென்றால் கிட்டார், பேஸ் எல்லாவற்றின் கம்பிகளையும் தளர்த்திச் சுருதி சேர்க்க வேண்டும். அப்படிச் செய்வதானால் மூன்று பாட்டுக்கும் அதே சுருதி இருக்கட்டும், நடுவில் மாற்றிக்கொண்டிருந்தால் மேடையில் நேரம் போய்விடும். அதற்கும் மேலே இறக்க வேண்டியிருந்தால் திறந்த கம்பியை (விரல் அழுத்தாமல் மீட்டும் கம்பியை) நம்பி எழுதிய கிட்டார் வரிகள் சிதறிவிடும், வேறு பாட்டைப் பார்ப்பதே மேல்.

கே-ஆன் அனிமேயில் முதல் பள்ளி விழாவுக்கு முன்னால், பாட வேண்டிய யுய் அளவுக்கு மீறிப் பயிற்சி செய்து தொண்டை கட்டிக்கொள்ள, பேஸ் வாசிக்கும் மியோ பாட வேண்டி வருமே, ஞாபகம் இருக்கிறதா? அது நிஜத்திலும் நடக்கும். பேண்டில் இன்னொருவருக்கும் பாட வருகிற பாட்டாக எடுங்கள். அதே விழாவில் வரும் "ஃபுவா ஃபுவா டைம்" புதியவர்களுக்கு நான் தைரியமாகச் சொல்லும் பாட்டு. கீபோர்டு ஆள் இருந்தால் இன்னும் நல்லது.

படி 3: டிரம்ஸ்காரரிடம் கேளுங்கள்

கிட்டாரில் ஒரு சுரம் தவறினால் பாதிப் பேர் கவனிக்க மாட்டார்கள், டிரம்ஸ் நின்றால் எல்லாமே நின்றுவிடும். நிமிடத்துக்கு 180 தாளம் ஓடும் பாட்டை மெட்ரோனோமில் (தாளத்தைத் தட்டிக்காட்டும் கருவியில்) 120இல் வைத்துத் தொடங்கி, வாரம் வாரம் ஏற்றுங்கள். விழாவுக்கு மூன்று வாரம் இருக்கும்போதும் 150ஐத் தாண்டவில்லை என்றால் அந்தப் பாட்டை அடுத்த வருடத்துக்கு வைத்துக்கொள்ளலாம். கெசோகு பேண்டின் பாட்டுகள் (பொச்சி தி ராக், 2022) கேட்க ஆசையாக இருக்கும், ஆனால் பலதும் வேகமானவை, கிட்டார் வேலையும் நுணுக்கமானது.

படி 4: எத்தனை கை இருக்கிறது?

இரண்டு கிட்டார், ஒரு பேஸ், ஒரு டிரம்ஸ் மட்டும் இருந்தால் அதே அமைப்பில் இருக்கும் பேண்டின் பாட்டைத் தேடுங்கள். ஏஷியன் குங்-ஃபூ ஜெனரேஷன் நான்கு பேர் பேண்ட். நருடோவின் இரண்டாவது தொடக்கப் பாட்டான "ஹருகா கனாதா" அவர்களுடையது, பேஸில்தான் தொடங்கும் (பேஸ் வாசிப்பவர்களே, விட்டுவிடாதீர்கள்). யோஅசோபியின் "ஐடல்" மாதிரி கணினியில் அடுக்கடுக்காகக் கட்டிய பாட்டை நான்கு பேர் வாசித்தால், எவ்வளவு நன்றாக வாசித்தாலும் கேட்பவருக்கு ஏதோ குறைவது போலவே இருக்கும்.

படி 5: கீழே உட்கார்ந்திருப்பது யார்?

உங்கள் வகுப்பு மட்டும் இல்லை. பெற்றோர், தாத்தா பாட்டி, அடுத்த வருடம் எந்தப் பள்ளியில் சேரலாம் என்று பார்க்க வந்த நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகள் எல்லோரும் இருப்பார்கள். ஒரு பாட்டாவது அம்மா அப்பாவுக்கும் தெரிந்திருக்கட்டும். 1995இல் வந்த எவாஞ்சலியனின் "ஸங்கோகு நா தென்ஷி நோ தேஸே" தெரியாத ஆளை நான் ஜப்பானில் பார்த்ததில்லை. அப்புறம், மேடை உடற்பயிற்சிக் கூடத்தில் என்றால் எதிரொலி அதிகம். சொற்கள் கொட்டுகிற வேகப் பாட்டு அங்கே ஒரே இரைச்சலாகக் கேட்கும், இடைவெளி விட்டுப் பாடும் பாட்டு நிற்கும்.

படி 6: வரிசை

முதலில் உங்களுக்கு மிக நன்றாக வரும் பாட்டு, எளிதாக இருந்தாலும் பரவாயில்லை, கை நடுக்கம் அதில்தான் தீரும். நடுவில் மெதுவான பாட்டு. எல்லோருக்கும் தெரிந்தது கடைசியில். எவாஞ்சலியன் பாட்டு பாடுபவரின் குரலை நம்பியே தொடங்கும், அதைப் பதற்றமாக இருக்கும் முதல் நிமிடத்தில் வைக்காதீர்கள்.

உரிமை பற்றிக் கேட்பீர்கள். நுழைவுக் கட்டணம் இல்லாமல், லாப நோக்கம் இல்லாமல், வாசிப்பவருக்குப் பணமும் தராமல் நடக்கும் விழாவில் வாசிக்க ஜப்பானியக் காப்புரிமைச் சட்டத்தின் 38ஆவது பிரிவுப்படி அனுமதி தேவையில்லை. வீடியோவை இணையத்தில் ஏற்றுவது வேறு விஷயம், ஆசிரியரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

பட்டியலைக் கொடுக்கும் முன் மூன்று பாட்டையும் ஒருமுறை நிற்காமல் வாசியுங்கள். தப்பு வந்தாலும் நிறுத்தக் கூடாது. எந்தப் பாட்டில் ஒருவரை ஒருவர் திரும்பிப் பார்க்க நேரமே கிடைக்கவில்லையோ அதை எடுத்துவிட்டு, எளிதான ஒன்றைப் போடுங்கள். அடுத்த வருடம் நாங்கள் அப்படித்தான் செய்தோம், அதே தோழிதான் பாடினாள், அரைக் கட்டை இறக்கி.