ரத்த தானம்: தவறு தொடங்குவது கேள்வித்தாளில்

ரத்தம் கொடுக்கப் போகிற பலருக்கும் பயம் ஊசி மேல்தான். அதற்கு முன்னால் உடல்நிலை, மருந்து பற்றிக் கேட்டுக் கையில் தருகிற கேள்வித்தாளை யாரும் பெரிதாக நினைப்பதில்லை. 'இல்லை, இல்லை' என்று மளமளவென்று டிக் அடித்துக் கொடுத்துவிடுகிறார்கள். பெரிய தவறு அங்கேதான் நடக்கிறது.

"எப்படியும் சோதித்துப் பார்த்துத்தானே ஏற்றுவார்கள், அப்புறம் என்னை எதற்குக் கேட்கிறார்கள்?" என்று தோன்றலாம். சோதிப்பது உண்மைதான். எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, சிபிலிஸ் நான்குக்கும் எல்லா ரத்தத்தையும் சோதிக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆனால் கிருமி உடம்புக்குள் நுழைந்த முதல் சில நாட்களில் எந்தச் சோதனையிலும் அது சிக்காது. கிருமியை எதிர்க்க உடம்பு உருவாக்கும் எதிர்ப்பொருளைத் தேடும் சோதனைகளில் இந்த இடைவெளி வாரக்கணக்கில்கூட இருக்கும். வைரஸின் மரபணுவையே தேடும் 'நாட்' சோதனை இடைவெளியைக் குறைக்கிறதே தவிர, இல்லாமல் செய்வதில்லை. அந்த நாட்களில் எடுத்த ரத்தம், பிரச்சினை இல்லை என்ற முடிவோடு ஒரு நோயாளியின் உடம்புக்குள் போய்விடலாம். அதைத் தடுக்க மிஞ்சியிருப்பது கொடுப்பவரின் உண்மையான பதில் மட்டுமே.

அதனால்தான், தொற்று இருக்கிறதா என்று தெரிந்துகொள்வதற்காகவே ரத்தம் கொடுக்கப் போவதை மிக மோசமான தவறு என்பேன். சந்தேகம் இருந்தால் போக வேண்டிய இடம் சோதனை மையம். நண்பர்களோடு கூட்டமாகப் போய், பக்கத்தில் ஆள் இருக்கிற கூச்சத்தில் எதையாவது மறைக்க வேண்டியதில்லை. தனியாகப் பேச வேண்டும் என்று தயங்காமல் கேளுங்கள். வீட்டுக்கு வந்த பிறகு சொல்ல மறந்தது நினைவுக்கு வந்தாலோ, அடுத்த நாள் காய்ச்சல் அடித்தாலோ உடனே ரத்த வங்கிக்கு போன் செய்யுங்கள். காய்ச்சல், ரத்தத்தில் கிருமி இருந்ததன் அறிகுறியாக இருக்கலாம். ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களை (பிளேட்லெட்) 20 முதல் 24 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில்தான் வைக்கிறார்கள். பாக்டீரியா இருந்தால் அந்த வெப்பத்தில் நன்றாகவே பெருகும்.

மாத்திரை விஷயத்திலும் இதே அலட்சியம் உண்டு. முகப்பருவுக்கு ஐசோட்ரெடினாயின், முடி உதிர்வுக்கு ஃபினாஸ்டெரைடு எடுப்பவர்கள் அதை மருந்தாகவே எண்ணாமல் விட்டுவிடுகிறார்கள். அந்த ரத்தம் ஒரு கர்ப்பிணிக்கு ஏற்றப்பட்டால் கருவைப் பாதிக்கலாம் என்பதால், நிறுத்திக் குறைந்தது ஒரு மாதம் காத்திருக்கச் சொல்வார்கள். ஆஸ்பிரின் தட்டணுக்களின் வேலையைக் கெடுக்கும். எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள், முடிவை அவர்கள் எடுக்கட்டும். தானம் கொடுப்பதற்காக மருத்துவரைக் கேட்காமல் மருந்தை நிறுத்துவது இன்னொரு தவறு.

ஹீமோகுளோபின் குறைவு என்று திருப்பி அனுப்பினால் சிலருக்கு அவமானமாக இருக்கிறது. "கொஞ்சம்தானே குறைவு, எடுத்துக்கொள்ளுங்கள்" என்று கெஞ்சுகிறவர்களும் உண்டு. தயவுசெய்து கெஞ்சாதீர்கள். 450 மில்லி ரத்தத்தோடு 200 மில்லிகிராமுக்கு மேல் இரும்புச்சத்து வெளியே போகிறது. ரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மா ஓரிரு நாளில் ஈடாகிவிடும். சிவப்பணுக்களுக்கு வாரங்கள் வேண்டும், இரும்புக்கு மாதங்கள்கூட ஆகலாம். ஆண்களுக்கு 12 வாரம், பெண்களுக்கு 16 வாரம் இடைவெளி என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வது இதனால்தான். அடிக்கடி கொடுப்பவர்களுக்கு ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் இரும்புச் சேமிப்பு காலியாகியிருக்கக்கூடும். ஃபெரிட்டின் பரிசோதனைதான் அதைக் காட்டும். ஹீமோகுளோபின் குறைவு என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள் அந்த அளவைச் சொல்லி மருத்துவரைப் பார்ப்பது நல்லது. குறைவுக்குப் பின்னால் வேறு காரணம் இருக்கலாம்.

ரத்தப் பரிசோதனைக்குப் போகிற பழக்கத்தில் இதற்கும் வெறும் வயிற்றோடு வந்து நிற்பவர்கள் இருக்கிறார்கள். சாப்பிட்டுவிட்டு வாருங்கள். கொடுப்பதற்குச் சற்று முன் அரை லிட்டர் தண்ணீர் குடித்தால் மயக்கம் வரும் வாய்ப்பு குறையும்.

முடிந்ததும் சட்டென்று எழுந்து கிளம்பாதீர்கள். பத்துப் பதினைந்து நிமிடமாவது உட்காருங்கள். மயக்கம் சில மணி நேரம் கழித்துக்கூட வரலாம், அதுவும் நீண்ட நேரம் நிற்கும்போது. தலை சுற்றினால் சமாளித்துக்கொண்டு நடக்க வேண்டாம். இருந்த இடத்திலேயே படுத்து, காலைச் சற்று உயர்த்தி வையுங்கள். ஊசி போட்ட கையால் அன்று முழுக்க கனமான எதையும் தூக்காதீர்கள்.