ஆசிரியர் இல்லாமல் கல்வெட்டுப் படிக்கப் பழகுவது

தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்த எவரும், ஐம்பது வயதானாலும் அறுபதானாலும், சோழர் காலக் கல்வெட்டைத் தாமே படிக்கக் கற்றுக்கொள்ள முடியும். தனியாகக் கற்பவருக்குப் பெரிய இடர், தான் செய்யும் தவறு தனக்கே தெரியாமல் போவதுதான். கல்வெட்டில் அந்த இடர் குறைவு; ஏனெனில் தென்னிந்தியக் கல்வெட்டுகள் என்னும் தொகுதிகள் 1890 முதல் அச்சாகி வருவதால், விடைத்தாள் எப்போதும் கைக்கெட்டும் தொலைவில் இருக்கிறது.

தஞ்சைப் பெரிய கோயிலில் தொடங்குங்கள். அங்குள்ள எழுத்துகள் பெரியவை, ஆழமாகவும் அழகாகவும் வெட்டப்பட்டவை. அவற்றின் வாசகங்களை ஜெர்மானியக் கல்வெட்டறிஞர் ஹுல்ஷ் அத்தொகுதிகளில் இரண்டாவதில் பதிப்பித்திருக்கிறார். தமிழை எழுதப் பயன்பட்ட இன்னொரு பழைய எழுத்து வகையான வட்டெழுத்தை இப்போதைக்குத் தொட வேண்டாம்.

போவதற்கு முன் முதலாம் இராசராசனின் மெய்க்கீர்த்தியை, அதாவது கல்வெட்டின் தொடக்கத்தில் அரசன் புகழ் பாடும் வரிகளை, மனப்பாடம் செய்துவிடுங்கள். ‘திருமகள் போலப் பெருநிலச் செல்வியும்’ என்று தொடங்கும் அதே வரிகள் அவன் காலத்துக் கல்வெட்டுகள் பலவற்றிலும் திரும்பத் திரும்ப வருவதால், வாசகம் முன்பே தெரிந்த நிலையில் எழுத்துகளை மட்டும் இனங்காணலாம். குழந்தைகள் மனப்பாடப் பாட்டைப் புத்தகத்தில் விரல் வைத்துப் படிப்பது போலத்தான் இதுவும்.

திணறல் பெரும்பாலும் மூன்று இடங்களில் வரும். மெய்யெழுத்துக்குப் பொதுவாகப் புள்ளி இராது. எகர ஒகரங்களில் குறிலும் நெடிலும் ஒரே வடிவில் இருக்கும். ரகரமும் துணைக்காலும் பெரும்பாலும் ஒன்றுபோலவே தோன்றும். ஆகவே ‘பாவை’யும் ‘பரவை’யும் கண்ணுக்கு ஒன்றே. நான் ஒரு பெண்ணின் பெயரைப் பல நாள் ‘பாவை’ என்றே படித்துக்கொண்டிருந்து, அச்சுப் படியைப் பார்த்த பிறகே அது ‘பரவை’ என்று திருத்திக்கொண்டேன். அந்தத் தவறு கற்பித்த அளவுக்கு எந்த எழுத்து அட்டவணையும் எனக்குக் கற்பிக்கவில்லை. அதனால்தான் சொல்கிறேன்: முதலில் நீங்களே நோட்டில் எழுத்தெழுத்தாகப் படியெடுத்து, தெரியாத இடத்தைக் காலியாக விட்டு, முழுவதும் முடித்த பின்னரே அச்சுப் படியோடு ஒப்பிட வேண்டும்.

எழுத்து பிடிபட்டதும் சொற்கள் மறிக்கும். ‘யாண்டு 26 ஆவது’ என்பது ஆட்சியாண்டு. இராசராசன் 985இல் பட்டமேறியதால் அது ஏறத்தாழ 1010. ‘நாங்குடுத்தனவும் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும்’ கல்லில் வெட்டுக என்று அவன் ஆணையிட்டது அந்த ஆண்டில்தான். ‘சந்திராதித்தவல்’ என்றால் சந்திர சூரியர் உள்ளவரை. ‘சாவா மூவாப் பேராடு’ என்பதைக் கண்டால் சற்று நில்லுங்கள். அணையாமல் எரியும் ஒரு நந்தா விளக்குக்கு நாள்தோறும் உழக்கு என்னும் அளவு நெய் அளக்க 96 ஆடுகள் இடையரிடம் ஒப்படைக்கப்பட்டன. செத்த ஆட்டுக்கும் கிழட்டு ஆட்டுக்கும் ஈடாகக் குட்டிகள் வளர்ந்து கணக்கு குறையாமல் இருக்கும் என்பதால், அந்த மந்தைக்குச் சாவுமில்லை, மூப்புமில்லை. ஒரு கணக்குப்பிள்ளையின் சொல்லில் இவ்வளவு கவிதை இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

காலையிலோ மாலையிலோ வெயில் சாய்வாக விழும்போது போங்கள். உச்சி வெயிலில் வெட்டு தட்டையாகத் தெரியும். எழுத்து தெளிவாக வேண்டுமென்று சுண்ணாம்போ மாவோ பூசுவது கல்லுக்குக் கேடு, செய்யவே கூடாது. வெளிச்சம் புகாத திருச்சுற்றுக்கு ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியை எடுத்துச் சென்று, வெளியே விழும் வெயிலைச் சுவரின் மேல் பக்கவாட்டில் திருப்பினால், அதுவரை மங்கலாக இருந்த வரி நிழல் கட்டி எழுந்து நிற்கும்.