எரிமலைச் சாம்பலைத் தண்ணீர் விட்டுக் கழுவாதீர்கள்: ஊரே சேர்ந்து செய்யும் சில தவறுகள்

எரிமலை ரொம்பத் தள்ளி இருக்கிறது, நமக்கென்ன என்று இருப்பதில்தான் பல ஊர்கள் ஏமாறுகின்றன. 1980 மே 18 அன்று அமெரிக்காவின் செயின்ட் ஹெலன்ஸ் வெடித்தபோது, 100 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த யாக்கிமா நகரம் காலையிலேயே இருட்டிவிட்டது, விழுந்த சாம்பலை அள்ளி முடிக்க 10 வாரம் பிடித்தது.

அடுத்தது, குழாயைத் திறந்து கழுவுவது. என்னைக் கேட்டால் இதுதான் பெரிய தவறு. இது அடுப்புச் சாம்பல் மாதிரி கரைந்து ஓடிவிடாது. பொடியான பாறையும் எரிமலைக் கண்ணாடியும்தான். கழுவிவிட்டால் நேராகச் சாக்கடைக்குள் போய்ப் படிந்து இறுகி அடைத்துக்கொள்ளும். எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் இப்படிக் கழுவ ஆரம்பித்தால் குடிநீர்க் குழாயில் அழுத்தம் போய்விடும், அப்புறம் எங்காவது தீப்பிடித்தால் அணைக்கத் தண்ணீர் இருக்காது. தூசி கிளம்பாத அளவுக்கு லேசாகத் தெளித்து, மண்வெட்டியால் அள்ளிப் பையில் கட்டுங்கள், போதும்.

கூரைக்கும் தண்ணீர்தான் எதிரி. 10 சென்டிமீட்டர் ஈரச் சாம்பல் ஒரு சதுர மீட்டருக்கு 100 கிலோவைத் தாண்டும். 1991 ஜூன் 15 அன்று பிலிப்பைன்ஸின் பினாட்டுபோ வெடித்தபோது அதே நாளில் புயல் மழையும் சேர்ந்துகொள்ள, நனைந்த சாம்பலின் பாரம் தாங்காமல் கூரைகள் இடிந்துதான் நிறையப் பேர் இறந்தார்கள். அதனால் மெல்லியதாகப் படியும்போதே தள்ளிவிடுவது நல்லது. அதற்காகத் தனியாக ஏணி போட்டு ஏறாதீர்கள், சாம்பல்மேல் கால் பயங்கரமாக வழுக்கும். மழைநீர்த் தொட்டி இருந்தால் கூரையிலிருந்து வரும் குழாயைச் சாம்பல் விழுவதற்கு முன்பே கழற்றிவிட வேண்டும்.

முகத்தில் ஈரத்துணி கட்டினால் நன்றாக வடிகட்டும் என்பது வெறும் நம்பிக்கை, ஈரத்தால் கூடுதல் பலன் கிடையாது. முகத்தோடு ஒட்டி உட்காரும் என்95 முகக்கவசத்தை முன்கூட்டியே வாங்கி வையுங்கள். கான்டாக்ட் லென்ஸைக் கழற்றிவிட்டுக் கண்ணாடி போடுங்கள். காரில் வைப்பரை உலர்ந்த கண்ணாடிமேல் ஒருமுறை ஓட்டினாலே கீறல் விழுந்துவிடும்.

அள்ளியதை எங்கே கொட்டுவது என்பதை யோசிக்காமலேயே நிறைய ஊர்கள் திட்டம் போடுகின்றன. ஜப்பானின் ககோஷிமாவில் சகுராஜிமா அடிக்கடி சாம்பல் கக்குவதால் அதற்கென்றே நகராட்சி மஞ்சள் பை கொடுக்கிறது, வைக்கும் இடமும் குறித்திருக்கிறது. கூரை முதலில், தெரு பிறகு என்று பக்கத்து வீடுகளோடு பேசிவைத்து ஒரே நாளில் செய்யுங்கள், இல்லாவிட்டால் நீங்கள் பெருக்கிய வாசலில் அடுத்த வீட்டுக் கூரைச் சாம்பல் வந்து விழும்.

கடைசியாக ஒன்று. கதவு ஜன்னல் இடுக்கெல்லாம் ஈரத்துணி வைத்து அடைத்துவிட்டு, கரன்ட் இல்லை என்று ஜெனரேட்டரையோ கரியடுப்பையோ வீட்டுக்குள் ஓடவிடாதீர்கள், கார்பன் மோனாக்சைடு வாசனைகூடத் தெரியாமல் ஆளைக் கொன்றுவிடும்.