ரீசெட் அடிக்க முன்னர்: அண்ட்ராய்ட் பேக்கப்பில் விடும் பிழைகள்

பழைய போனைக் கடையில் கொடுத்துப் புதியது எடுப்பவர்கள், ‘பேக்கப் ஒன்னில்தானே கிடக்கு’ என்ற நம்பிக்கையில் அங்கேயே ரீசெட் அடித்து, போனில் உள்ளதையெல்லாம் அழிக்கச் சொல்லிவிடுகிறார்கள். ஒன்னில் கிடந்தால் எல்லாம் ஏறிவிட்டது என்று அர்த்தமில்லை. யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதிப் பக்கம் கடைக்குப் போக முன்னர், வீட்டில் வைத்தே செட்டிங்ஸ், கூகிள், பேக்கப் என்று போய்க் கடைசியாக ஏறிய திகதியைப் பாருங்கள். பழைய திகதியென்றால் வைஃபையில் இணைத்து, சார்ஜில் போட்டு, ‘பேக்கப் நவ்’ அழுத்துங்கள். தானாக ஓடும் பேக்கப் பெரும்பாலும் வைஃபைக்காகக் காத்திருக்கும். டேட்டா மட்டும் போட்டுப் பாவிக்கும் போனில் அது மாதக்கணக்கில் ஓடாமலே கிடக்கலாம்.

இந்தக் கூகிள் பேக்கப்புக்குள் அடங்குவதும் கொஞ்சம்தான்: ஆப்களின் பட்டியல், அழைப்பு விபரம், எஸ்எம்எஸ், போன் செட்டிங்ஸ், ஒரு ஆப்புக்கு 25 எம்பி வரையான தரவு. அதையும் சில ஆப்கள் தடுத்து வைத்திருக்கும். வங்கி ஆப்பைப் புதுப் போனில் திரும்பப் பதியத்தான் வேண்டிவரும். ஓடிபி வரும் சிம் கையில் இருக்கட்டும். படங்கள் தனியாகக் கூகிள் போட்டோஸுக்குப் போகும். கமராவில் எடுத்தவை தானாக ஏறினாலும், வட்ஸ்அப்பில் வந்த படங்களின் ஃபோல்டரை நீங்கள்தான் தெரிவுசெய்ய வேண்டும்.

அதிகம் பறிபோவது வட்ஸ்அப்பில். கனடாவிலிருந்து பிள்ளை அனுப்பிய வொய்ஸ், கலியாணவீட்டு வீடியோ எல்லாம் அதில்தான் கிடக்கும். அதன் பேக்கப் அதனுடைய செட்டிங்ஸில், ‘சட் பேக்கப்’ என்ற இடத்தில் உண்டு. ‘இன்குளூட் வீடியோஸ்’ ஒன்னில் இல்லாவிட்டால் வீடியோ ஏறாது. ஜிமெயில், போட்டோஸ், வட்ஸ்அப் எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கூகிள் கணக்கில் இலவச இடம் 15 ஜிபிதான்; நிரம்பினால் பேக்கப் நின்றுவிடும். புதுப் போனில் நம்பரை உறுதிப்படுத்தியவுடன் ‘ரீஸ்டோர்’ கேட்கும். அவசரத்தில் ‘ஸ்கிப்’ அழுத்தினால், அடுத்து ஓடும் வெறும் பேக்கப் பழையதன் மேல் ஏறிவிடும். அப்படி அழுத்திவிட்டால் உடனே ஆப்பை அழித்துத் திரும்ப இன்ஸ்டால் செய்யுங்கள், திரும்பவும் கேட்கும். அதே நம்பரும் அதே கூகிள் கணக்கும் இருக்க வேண்டும். பேக்கப்பை வேறு யாரும் திறக்காதபடி பூட்டும் என்ட் டு என்ட் பாஸ்வேர்டோ 64 இலக்கச் சாவியோ போட்டிருந்து அது தொலைந்தால், வட்ஸ்அப் நிறுவனத்தாலும் திறக்க முடியாது.

கூகிள் கணக்கென்றதும் இன்னொரு சிக்கல். போன் வாங்கிய அன்று கடைக்காரப் பொடியன் ஒரு ஜிமெயில் திறந்து தந்திருப்பான். பாஸ்வேர்ட் வீட்டில் ஒருத்தருக்கும் தெரியாது. செட்டிங்ஸுக்குள் போகாமல் பட்டனை அழுத்தி ரீசெட் அடித்தால் போன் அந்தக் கணக்கைக் கேட்டுப் பூட்டிக்கொள்ளும். பேக்கப்பையும் எடுக்க முடியாது. பழைய போன் திறந்திருக்கும்போதே பாஸ்வேர்டை மாற்றி எழுதி வையுங்கள். பழைய போனின் ஸ்கிரீன் லொக்கையும் மறக்க வேண்டாம், ரீஸ்டோரில் அதைக் கேட்கும்.

உடைந்த போனை லாச்சிக்குள் போட்டுவிட்டுப் பிறகு பார்க்கலாம் என்று இருப்பதும் ஆபத்து. 57 நாள் பாவிக்காமல் விட்டால் கூகிள் அந்தப் பேக்கப்பை அழித்துவிடலாம். புதிய அண்ட்ராய்டில் எடுத்த பேக்கப் பழைய பதிப்புள்ள போனில் ஏறாது என்பதால், இரவல் போனில் முயல்பவர்கள் முதலில் பதிப்பைப் பார்க்க வேண்டும்.

சிம்மில் சேமித்த நம்பர்களைக் காண்டாக்ட்ஸ் ஆப்பில் கூகிள் கணக்குக்கு இம்போர்ட் செய்யுங்கள். மெமரி காட்டை அந்தப் போனில் மட்டும் திறக்கும்படி என்கிரிப்ட் செய்திருந்தால், ரீசெட்டுக்கு முன்னரே அந்த என்கிரிப்ஷனை நீக்குங்கள்; பிந்தினால் காட் கையில் இருந்தும் படம் திறக்காது.